இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா: புதுச்சேரிக் கடைவீதியில் எங்கள் கட்டடத்தின் கணக்கு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தமிழர் பகுதியின் குறுக்குத் தெரு ஒன்றில், மூன்று தலைமுறையாக எங்கள் நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. தெருவோரம் தாழ்வாரமும் திண்ணையும், அதையடுத்துக் கடை, நடுவில் முற்றம், பின்கட்டில் சரக்கு அறை, மேலே வளைவுச் சன்னல்கள் வைத்த ஒரு மாடி. கீழ்த்தளம் தமிழ்க் கட்டு, மாடி பிரெஞ்சுக் கட்டு என்று இந்த ஊரில் பல வீடுகள் இருப்பது போலத்தான் இதுவும். 2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் சரக்கு அறையின் மச்சில் ஒரு கட்டை முறிந்து தொங்கியது. அதன் பிறகு இடித்துக் கட்டலாம் என்று தம்பியும், பழுது பார்க்கலாம் என்று நானும் பல வாரம் பேசினோம். இரண்டுக்கும் நடுவே, முகப்பை மட்டும் நிறுத்திக்கொண்டு உள்ளே புதிதாக எழுப்பும் வழியைப் பக்கத்து வீட்டுக்காரர் அப்போது தொடங்கியிருந்தார். கடைசியில் பழுது பார்ப்பது என்று முடிவெடுத்து, 2018 தை மாதம் தொடங்கி ஆடிக்குள் வேலையை முடித்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

பழைய கட்டடம் பார்க்க அழகு, புதிய கட்டடம் புழங்க வசதி என்பதை விளக்கத் தேவையில்லை. விற்பனை மதிப்பைப் பற்றியும் ஒரு வரிதான் சொல்ல முடியும்: எங்கள் தெருவில் வாங்க வருபவர் மனைக்குத்தான் விலை சொல்கிறார், மேலே நிற்பது எதுவானாலும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் செலவைப் பொறுத்தவரை, பழுது பார்ப்பதற்கு ஆனது இடித்துக் கட்டுவதற்குச் சொன்ன மதிப்பீட்டைவிடக் குறைவுதான். ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. பொருளில் மிச்சமானதில் பெரும்பகுதியைக் கூலி எடுத்துக்கொண்டது.

கடையை மூடாமல் வேலை செய்ய முடிந்தது பழுதுபார்ப்பின் பெரிய சாதகம். பின்கட்டு நடக்கும்போது சரக்கை மாடிக்கு ஏற்றினோம். முன்கட்டு நடக்கும்போது முற்றத்தில் பலகை போட்டு வியாபாரம் செய்தோம். இடித்திருந்தால் குறைந்தது ஒன்றரை ஆண்டு வேறெங்காவது கடை பார்த்திருக்க வேண்டும். தூதுவளைப் பொடியும் அதிமதுரமும் வாங்க வருகிறவர்கள் மார்க்கெட்டில் காய் வாங்கிய கையோடு வருபவர்கள். அவர்கள் கால் பழகிய வழியிலிருந்து ஒரு முறை விலகிவிட்டால் திரும்ப வருவார்களா என்பது எங்கள் இருவருக்குமே கவலையாக இருந்தது.

இவை எல்லாவற்றையும்விட முடிவைத் தீர்மானித்தது ஓதம். மருந்துக் கடைக்காரனுக்கு ஈரம் பகை. சுக்கும் திப்பிலியும் பூசணம் பிடித்தால் மூட்டையோடு போகும். எங்கள் சரக்கு அறைச் சுவர்களில் நெடுங்காலமாக ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க வேண்டும் என்று அப்பா காலத்தில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உள்பக்கம் சிமெண்டு பூசினார்கள். அந்த மூன்றடியும் சில ஆண்டுகள் காய்ந்ததுபோலத் தெரிந்தது. ஆனால் ஈரம் அதற்கு மேலே ஏறி ஐந்தடி உயரத்தில் உப்புப் பூத்தது. மீண்டும் சிமெண்டு பூசினோம். அது மீண்டும் மேலே போனது. தம்பியின் வாதத்துக்கு அடிப்படையே இந்தச் சுவர்தான். இது செத்துப்போன சுவர், இதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் மாரடிப்பது என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பதில் சொன்னவர் சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர். கரணையின் கைப்பிடியால் சுவரைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தார். சிமெண்டுப் பூச்சு இருந்த இடமெல்லாம் பொள்ளலாக ஒலித்தது. ஓரிடத்தில் ஒரு சாண் அளவுக்குக் கொத்தி எடுத்து உள்ளே கையை வைக்கச் சொன்னார். செங்கல் சில்லென்று நனைந்திருந்தது, ஆனால் நொறுங்கவில்லை. “சிமிட்டிய எடுத்துடுங்க முதலாளி, ஓதம் தானா எறங்கிடும்” என்றார். அவர் சொன்னதன் காரணம் எளிமையானது. பழைய சுவர் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனது. அதற்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் எதுவும் இல்லை. மண்ணிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். நுண்துளைகள் உள்ள சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை அங்கங்கே ஆவியாக வெளியே விட்டுவிடும். அடர்த்தியான சிமெண்டு வழியை அடைத்துவிடுவதால், ஈரம் திறந்த இடத்தைத் தேடி மேலே போகிறது. கரைந்து வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லையே பொரியவைக்கிறது. நாங்கள் நோய் என்று நினைத்தது பெருமளவுக்கு நாங்களே கொடுத்த மருந்தின் விளைவு.

கழிவறையை ஒட்டிய பின்சுவரைத் தவிர மற்ற இடங்களிலிருந்த சிமெண்டு முழுவதையும் எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். முதல் ஆண்டில் ஓதம் முழுவதுமாக இறங்கவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில்தான் ஓரடி உயரத்தில் நின்றது; இன்றும் அங்கேதான் நிற்கிறது. சரக்கைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பலகை மேல் அடுக்குகிறோம். பூசணம் பிடித்து மூட்டையைத் தூக்கிப் போடும் நிலை அதன் பிறகு வரவில்லை.

மச்சும் இதே கதைதான். இங்குள்ள பழைய மச்சுகள் மெட்ராஸ் டெரஸ் முறையில் போடப்பட்டவை. தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகளைப் பதித்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பில் பிணைத்து, அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கடுக்காயை எங்கள் கடையிலிருந்தே நிறுத்துக் கொடுத்தேன். தாத்தா காலத்திலிருந்து விற்கும் பொருளை எங்கள் தலைக்கு மேலுள்ள கூரைக்கே கொட்டியபோது ஏற்பட்ட உணர்ச்சியை இங்கே விரிக்கவில்லை. மொத்தம் இருந்த கட்டைகளில் ஐந்துதான் சுவருக்குள் நுழையும் முனையில் மக்கியிருந்தன. அவற்றை மட்டும் மாற்றினோம். மக்கியதற்குக் காரணம் மரத்தின் வயதல்ல. மேலே தூம்பு அடைத்து நீர் தேங்கி, கைப்பிடிச் சுவர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஓதத்துக்கு அடுத்தபடியாக என் முடிவை உறுதி செய்தது, பராமரிப்பில் சுண்ணாம்புக்கும் காங்கிரீட்டுக்கும் உள்ள வேறுபாடு. சுண்ணாம்பும் மரமுமான கட்டடத்துக்கு ஆண்டுதோறும் சிறு செலவு உண்டு: புரட்டாசிக்குள் தூம்புகளைச் சுத்தம் செய்ய வேண்டும், தட்டோட்டு இடுக்குகளைப் பார்த்து அடைக்க வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும். தவறவிட்டால் தண்டனை உடனே தெரியும். ஆனால் கெட்டுப்போன துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே பொருளால் நிரப்பலாம், பக்கத்திலிருப்பது பாதிக்காது. காங்கிரீட்டுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்ற எண்ணம் கடற்கரை ஊரில் செல்லாது. உப்புக் காற்றும் ஈரமும் காங்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் தொட்டதும் அது துருப்பிடிக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் எடுப்பதால், மேலிருக்கும் காங்கிரீட் வெடித்து உதிர்கிறது. மேற்கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி எலும்பாகத் தெரியும் கட்டடங்களை இந்த ஊரில் தேடிப்போக வேண்டியதில்லை. அவற்றில் பல எங்கள் வீட்டின் வயதில் பாதியைக்கூட எட்டாதவை. அந்த நிலைக்கு வந்த பிறகு ஒரு கம்பியை மட்டும் மாற்ற முடியாது. காங்கிரீட்டில் முதல் இருபது ஆண்டு செலவே இல்லை, பிறகு வருவது ஒரேயடியான பெருஞ்செலவு. சுண்ணாம்பில் ஆண்டுதோறும் சில்லறைச் செலவு. மாத வருமானத்தில் ஓடும் கடைக்காரனுக்கு எது தாங்கும் என்பதே கேள்வி. நல்ல பொறியாளரை வைத்து, கம்பிக்கு மேல் போதிய கனம் விட்டு, தரமாகப் போட்டால் காங்கிரீட் நெடுநாள் நிற்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் தெருவில் அப்படிப் போட்டதை நான் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

முகப்பை நிறுத்தி உள்ளே புதிதாக எழுப்பிய பக்கத்து வீட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவருக்கு மூன்று மாடியும் மின்தூக்கியும் கிடைத்தன; வாடகை வருகிறது; தெருவில் நின்று பார்த்தால் பழைய வீடு அப்படியே இருக்கிறது. ஆனால் பழைய செங்கல் சுவரும் புதிய காங்கிரீட் சட்டகமும் சேரும் கோட்டில் ஒவ்வொரு மழைக்கும் விரிசல் திறக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் இரண்டும் ஒரேமாதிரி அசைவதில்லை. பூசினாலும் அதே கோட்டில் மீண்டும் வெடிக்கிறது. முற்றம் போய்விட்டதால் கீழ்த்தளத்தில் பகலிலும் விளக்கு எரிகிறது. சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய தெருவில் காற்றும் வெளிச்சமும் வரும் வழி முற்றம்தான். அதை எடுத்துவிட்டால், முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே இருப்பது வேறு ஊர்க் கட்டடம்.

இந்தக் கணக்கு எங்கள் ஒரு வீட்டோடு நிற்பதல்ல என்பதற்கு இந்த ஊரிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. 1870-71இல் நகர மன்றமாக எழுந்த மேரி கட்டடம், நெடுங்காலம் கவனிப்பாரின்றிப் பழுதுபட்டுக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில், அதே தோற்றத்தில், அதே இடத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. கடற்கரைச் சாலைக்கு அதன் முகம் திரும்பக் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கூரைத் தூம்பு அளவிலான வேலைகளைத் தள்ளிப்போட்டால் கடைசியில் எந்த அளவுக்குச் செலவு வரும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. மற்றொன்று வைசியாள் வீதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ்-சூர்-லோ ஆகிய ஊர்களின் துணையோடு, 2002 முதல் 2004 வரை அங்கு வரிசையாக வீட்டு முகப்புகள் சீர்செய்யப்பட்டன. திண்ணைக்கு மேல் தாழ்வாரங்கள் திரும்ப வந்தன. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று செய்த அந்த வேலை 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. உரிமையாளர்களும் செலவில் பங்கு போட்டார்கள் என்பதே எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது. தன் பணம் போட்டவர் அடுத்த மழைக்கு முன் கூரை ஏறிப் பார்ப்பார்.

பெரிய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தபோது அங்குள்ள வியாபாரிகள் எதிர்த்ததையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். மார்க்கெட்டின் வடிகாலும் மின்கம்பிகளும் கழிப்பிடமும் மோசமான நிலையில் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவற்றைப் பகுதி பகுதியாகச் சீர்செய்ய வழியுண்டு. முன்கட்டும் பின்கட்டுமாக நாங்கள் செய்ததைப் பெரிய அளவில் செய்வதுதான் அது. வியாபாரத்தையே ஊருக்கு வெளியே கொண்டுபோவது வேறு வகை. சென்னையின் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனபோது மொத்த வியாபாரத்துக்கு இடமும் லாரிகளுக்கு வழியும் கிடைத்தன. அது தேவையான மாற்றம். எங்கள் பெரிய மார்க்கெட்டைப் போல, மணிக்கூண்டைச் சுற்றிக் கூடை வைத்து விற்கும் சில்லறைச் சந்தைக்கு அந்த நியாயத்தைப் பொருத்த முடியாது. மார்க்கெட் நகர்ந்தால் எங்களைப் போன்ற பக்கத்துத் தெருக் கடைகளும் சேர்ந்து நகர வேண்டியிருக்கும். அந்தத் தெருக்களில் பழைய முகப்புகள் மட்டும் மிஞ்சும்.

என் அனுபவம் எட்டாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். எங்கள் சுவர்கள் நேராக நின்றன, உத்திரங்கள் உறுதியாக இருந்தன. சுவர் வயிறு தள்ளி நிற்கும் வீட்டுக்கும், உத்திரம் முழுக்கக் கரையான் அரித்த வீட்டுக்கும் நான் சொல்வது பொருந்தாமல் போகலாம். அங்கே இடிப்பதே பாதுகாப்பாக இருக்கக்கூடும். நாங்கள் அடுக்குவது வேரும் பட்டையும். அரிசி மண்டியின் பாரத்தை அந்த மச்சு தாங்குமா என்பதைப் பொறியாளரைக் கேட்காமல் யாரும் முடிவு செய்யக் கூடாது. வங்கிக் கடன் புதுக் கட்டடத்துக்குக் கிடைத்த சுலபத்தில் பழுதுக்குக் கிடைக்கவில்லை. நகையை வைத்துத்தான் சமாளித்தோம். எல்லாவற்றையும்விட, எங்களுக்கு வேலை செய்த கொத்தனாருக்கு அப்போதே எழுபதை நெருங்கும் வயது. அவரோடு வந்த இளைஞர்களில் இருவர்தான் இன்னும் சுண்ணாம்பு வேலை செய்கிறார்கள். பழுதுபார்ப்பைப் பரிந்துரைக்கும்போது எனக்குள்ள உண்மையான தயக்கம் இதுதான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது, கடைக்குள்ளும் வந்தது. வடிந்த பிறகு நானும் தம்பியும் விளக்கைப் பிடித்துக்கொண்டு சரக்கு அறைக்குப் போய் மேலே பார்த்தோம். மச்சு காய்ந்திருந்தது. தரையோரச் சுவர்கள் ஊறியிருந்தன. மாசி முடிவதற்குள் அவை பழைய ஓரடிக் கோட்டுக்கு வந்துவிட்டன. கழிவறையை ஒட்டிய பின்சுவரில் மட்டும் அப்பா காலத்துச் சிமெண்டு இன்னும் இருக்கிறது, அங்கேதான் ஈரம் இறங்கவில்லை. வரும் தையில் அதையும் கொத்திவிடலாம் என்று தம்பிதான் சொன்னான்.