ஏற்காட்டுத் தோட்டத்து வீட்டில் ரக்பி: பஜ்ஜி சுமார், பேச்சு அபாரம்

சாப்பாட்டுக்காக இந்த இடத்துக்குப் போகாதீர்கள். மிளகாய் பஜ்ஜி ஆறித்தான் வரும், சட்னியில் தண்ணீர் தாராளம். ஆனால் 2027 ரக்பி உலகக் கோப்பை தொடங்குவதற்குள், எந்த நாட்டுக்கு நிஜமாகவே வாய்ப்பு, எந்த நாட்டுக்கு வெறும் வாய்ப்பேச்சு என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால், சேலம் மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால் வருகிற காபித் தோட்டத்து வீடு அது. பெயர்ப்பலகை கிடையாது. முன்னால் கொட்டை காயப்போடுகிற களம், பின்னால் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. நடத்துகிறவர் அறுபதைத் தாண்டியவர். நியூசிலாந்தில் ஹாமில்டன் பக்கம் பால் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்பா விட்டுப்போன தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர். அங்கே சேர்த்த பணத்தில் கூரையை மாற்றினார். அங்கே பிடித்த ரக்பிப் பைத்தியம் மட்டும் மாறவில்லை. பெரிய ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் கூடத்துச் சுவரில் புரொஜெக்டர் போட்டு, ஆளுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டு காட்டுகிறார். இரண்டு காபியும் ஒரு தட்டு பஜ்ஜியும் அதில் அடக்கம். தங்குவதென்றால் அறைக்கு 1,800. இரண்டே அறைதான்.

காபிக்கு மட்டும் முழு மார்க். சொந்தத் தோட்டத்து அராபிகா, அவர்களே வறுத்து அரைப்பது, சிக்கரி கலப்பதில்லை. சர்க்கரையைத் தனியாகக் கொடுத்துவிடுகிறார்கள், அதற்கே கும்பிடலாம்.

திரை என்று தனியாக எதுவும் இல்லை, வெள்ளையடித்த சுவர்தான். இடது மூலையில் விரிசல் ஓடுகிறது. அந்த ஓரத்தில் யாராவது பாய்ந்து விழுந்தால் பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று நமக்குத் தெரியாது, டிவி நடுவருக்கு மட்டும்தான் தெரியும். சோபா இரண்டு, மற்றதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. முதுகுவலிக்காரர்கள் சீக்கிரம் போய்விடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்களை அவர் டீப்பாய்க்கு முன்னால் உட்கார வைப்பார். ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி வறுக்காத காபிக் கொட்டையை எடுத்து, ஒரு அணிக்கு ஆடுகிற ஆட்கள் மாதிரி பதினைந்தை அடுக்குவார். முன்னால் ஸ்க்ரம் (தோளோடு தோள் கோத்து எதிரணியோடு முட்டுவது) தள்ளுகிற ஃபார்வர்டு எட்டு, பின்னால் ஓடுகிற பேக் ஏழு. இன்னும் எட்டு கொட்டை டம்ளருக்குள் போகும், அது பெஞ்ச், அதாவது நடுவில் இறங்குகிற மாற்று ஆட்கள். வழக்கமாக அந்த எட்டில் ஐந்து பேர் ஃபார்வர்டு, மூன்று பேர் பேக். தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் ராஸி எராஸ்மஸ் ஆறுக்கு இரண்டு என்று மாற்றினார். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஏழுக்கு ஒன்றே வைத்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேருக்கு அடிபட்டால் கதை கந்தல்தான், ஆனால் எதிரணியின் முன்வரிசைக்கு மூச்சு வாங்குகிற நேரத்தில் புது ஆட்கள் கூட்டமாக இறங்குவார்கள். "தம்பி, அம்பதாவது நிமிஷத்துல டம்ளரைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அதைக் கவிழ்ப்பார். கொட்டை டீப்பாய் முழுக்கச் சிதறும். உள்ளேயிருந்து வீட்டம்மா, "பொறுக்கி வச்சிட்டுத்தான் எந்திரிக்கணும்" என்று குரல் கொடுப்பார்.

சொன்னதோடு விடமாட்டார், பழைய ஆட்டத்தைப் போட்டும் காட்டுவார். 2023 அரையிறுதியில் பத்து நிமிஷம் சொச்சம் இருக்கும்போது இங்கிலாந்து 15, தென்னாப்பிரிக்கா 6. மழை வேறு. பெஞ்சிலிருந்து வந்த ஆர்.ஜி.ஸ்னைமன் ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போடுகிறார், பெஞ்சிலிருந்து வந்த ஆக்ஸ் இன்சே ஸ்க்ரம்மில் எதிராளியை மடக்கி பெனால்ட்டி வாங்கித் தருகிறார், பெஞ்சிலிருந்து வந்த ஹான்ரே பொலார்ட் ஐம்பது மீட்டர் பக்கத்திலிருந்து உதைக்கிறார். 16–15. அந்தத் தொடரில் காலிறுதி (பிரான்ஸை 29–28), அரையிறுதி, இறுதி (நியூசிலாந்தை 12–11) மூன்றையும் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். அதிர்ஷ்டம் என்று நானும் சொல்வேன், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். வேடிக்கை என்னவென்றால் அவர் கட்சி நியூசிலாந்து!

கூடத்தின் பக்கச் சுவரில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்று. எந்த அணி எந்தப் பிரிவு என்று 2025 டிசம்பரில் சிட்னியில் நடந்த 2027 கோப்பைக் குலுக்கலை அதில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். இந்த முறை 20 இல்லை, 24 அணிகள். நாலு நாலாக ஆறு பிரிவு. ஒவ்வொன்றிலும் முதல் இருவரோடு, மூன்றாமிடம் பிடித்தவர்களில் சிறந்த நாலு அணிகளும் சேர்ந்து பதினாறு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஓரத்தில் இனிஷியல் போட்டு தங்கள் அணியை எழுதலாம். பந்தயம் காசுக்கு இல்லை, தோட்டத்து மிளகுக்கு.

என் பங்குக்கு நானும் எழுதினேன்: தென்னாப்பிரிக்கா. காரணம் 2023 இல்லை, 2025. செப்டம்பரில் வெலிங்டனில் போய் நியூசிலாந்தை 43–10 என்று அடித்தார்கள், அந்த நாடு வாங்கியதிலேயே மோசமான அடி அது. நவம்பரில் பாரிஸில் லூட் டி யாகர் பாதி ஆட்டத்துக்குள் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன பிறகும், பதினாலு பேரோடு பிரான்ஸை 32–17. அதே மாதம் டப்ளினில் அயர்லாந்தை 24–13. அதற்காக அசைக்க முடியாது என்று அர்த்தமில்லை. அதே வருஷம் ஆகஸ்டில் எல்லிஸ் பார்க்கில், சொந்த மண்ணில், 22–0 என்று முன்னால் இருந்துவிட்டு ஆஸ்திரேலியாவிடம் 38–22 என்று தோற்றதும் இவர்கள்தான். அப்புறம் வயசு. கேப்டன் சியா கொலிசிக்கும் எபென் எட்ஸபெத்துக்கும் 2027இல் 36 ஆகிவிடும், பீட்டர் ஸ்டெஃப் டு டாய்ட்டுக்கு 35. 2019, 2023 இரண்டையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் மூன்றாவது முறை தொடர்ச்சியாகக் கோப்பையை எடுத்த நாடு இதுவரை கிடையாது. சாஷா ஃபைன்பெர்க் மெங்கொமெசுலு மாதிரி இளசுகள் தோள் கொடுத்தால் உண்டு.

பெரியவர் பலகையில் நியூசிலாந்து என்று எழுதியிருக்கிறார், பாசத்தில். காலிறுதிக்குக் கீழே அந்த அணி ஒரு உலகக் கோப்பையிலும் போனதில்லை, அது சரி. ஆனால் ஏ பிரிவில் அவர்களோடு போட்டியை நடத்துகிற ஆஸ்திரேலியாவே உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு சிக்கல், நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் தத்தம் பிரிவில் முதலிடம் பிடித்து அடுத்த சுற்றையும் தாண்டினால் காலிறுதியிலேயே மோத வேண்டியிருக்கும். இருவருமாக ஏழு கோப்பைகளை வைத்திருக்கிற இரண்டு வீடும் அரையிறுதிக்கு முன்பே மோதுவதா? இதைச் சொன்னாலே அவர் முகம் சுருங்கிவிடும். "குலுக்கல் போட்டவன் கையில..." என்று ஆரம்பித்து, வீட்டம்மா இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.

எனக்கு இதில் லாபம் பெறப்போவது இங்கிலாந்து என்றே தோன்றுகிறது. 2025இல் தொடர்ந்து பதினொரு ஆட்டம் ஜெயித்து வருஷத்தை முடித்தார்கள், நியூசிலாந்தை ட்விக்கன்ஹாமில் 33–19 என்று வீழ்த்தியதும் அதில் சேர்த்தி. அந்த ஆட்டம் நம் நேரப்படி ராத்திரி 8.40க்கு என்பதால் கூடம் நிறைந்திருந்தது, நியூசிலாந்துக்காரர் அன்று காபி போடவே எழுந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் பிரிவில் வேல்ஸ், டோங்கா, ஜிம்பாப்வே. வேல்ஸ் பாவம், வரிசையாகப் பதினெட்டு தோல்விக்குப் பிறகு 2025 ஜூலையில்தான் ஜப்பானிடம் ஒரு வெற்றி பார்த்தது. ஜிம்பாப்வே 1991க்குப் பிறகு இப்போதுதான் திரும்பி வருகிறது.

பிரான்ஸ் மூன்று இறுதியில் தோற்ற நாடு. அவர்களுடைய நட்சத்திர ஆட்டக்காரர் டூபாங், அடிபட்ட முழங்கால் தேறி முழுசாக வந்து நின்றால் நான் பேச்சை மாற்றிக்கொள்வேன். அயர்லாந்தைப் பற்றிப் பலகையில் யாரும் எழுதவில்லை. காலிறுதி தாண்டாத குடும்பம், ஸ்காட்லாந்தோடு ஒரே பிரிவில் விழுவது தொடர்ந்து இது மூன்றாவது முறை. அர்ஜென்டினாவும் ஃபிஜியும் ஒரே பிரிவில் இருக்கின்றன, அந்த ஆட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டம்மாவின் கட்சி ஹாங்காங். முதல் தடவையாக வருகிறார்களாம், எதிரில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் என்றால் யாராவது கூட இருக்க வேண்டாமா என்கிறார்.

நான் கொலுசுப் பட்டறைக்காரன் என்பது தெரிந்ததும் பெரியவர் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதுகிற கல்கத்தா கோப்பை. 1878இல் கல்கத்தா ரக்பி கிளப் கலைந்தபோது வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 ரூபாயை உருக்கிச் செய்தது. ரூபாய்க்கு 11.66 கிராம் வைத்துப் பாருங்கள், மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கைப்பிடி மூன்றும் நாகம், மூடியில் யானை. படத்திலேயே செதுக்கு வேலை தெரிகிறது. நாகத்தின் செதில் வரிசை எங்கும் பிசகவில்லை. 1988இல் ஆட்டம் முடிந்த ராத்திரி வீரர்களே எடின்பரோ தெருவில் அதை உதைத்து விளையாடி நசுக்கிவிட்டார்களாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. உலகக் கோப்பையும் வெள்ளிதான், மேலே தங்க முலாம், 38 சென்டிமீட்டர் உயரம். செவ்வாய்ப்பேட்டையில் கொடுத்தால் இரண்டையும் மெருகேற்றித் தருவோம்.

குறைகள் சொல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. மலையில் மழை பெய்தால் நெட் போய்விடும். பாரிஸ் ஆட்டத்தில் சிவப்பு அட்டையைப் பார்த்தோம், இடைவேளை வந்தது, இணைப்பு போனது. யாரோ ஒருவருடைய போனில் பத்துத் தலைகள் குனிந்து இரண்டாம் பாதியைப் பார்த்தோம். காசு கட்டிய ஆட்டம் பாதியில் போனால் அடுத்த தடவை இலவசம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கழிவறை வெளியே, விளக்கு மங்கல். சைவத்துக்கு பஜ்ஜி, அசைவத்துக்கு முட்டை தோசை, அதற்கு மேல் சமையலில் அக்கறை இல்லை. நான் இப்போதெல்லாம் சேலத்திலிருந்தே தட்டுவடை செட்டுக்குத் தேவையானதைக் கட்டிக்கொண்டு போகிறேன். தட்டுவடை தனியே, பீட்ரூட் கேரட் துருவல் தனியே, இரண்டு சட்னியும் தனித்தனியே. அங்கே போய்க் கலந்துகொண்டால் நமத்துப்போகாது. வெளிச் சாப்பாட்டுக்கு அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை, பங்கு மட்டும் கேட்பார்கள்.

ஐரோப்பாவில் நடக்கிற ஆட்டங்களுக்குப் போனால் தங்கிவிடுங்கள். 2023 இறுதி நமக்கு நள்ளிரவு 12.30க்குத் தொடங்கியது. அந்த நேரத்துக்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை, திருப்பத்தில் காட்டெருமை நின்றுகொண்டிருக்கும். 2027இல் அந்தத் தொல்லை குறைவு. அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. சிட்னியில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு மதியம் இரண்டரை, பெர்த்தில் எட்டு என்றால் மாலை ஐந்தரை. பார்த்துவிட்டு இருட்டுவதற்குள்ளோ, கொஞ்சம் இருட்டியோ அடிவாரம் வந்துவிடலாம். சீசன் நேரத்தில் மலைப்பாதையில் வண்டி ஊர்ந்தால் குப்பனூர் வழியாக இறங்குங்கள்.

அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது, வாரக் கடைசி என்றால் வியாழனுக்குள். நேரில் போனால் களத்துப் பக்கம் கூப்பிடுங்கள், காது கொஞ்சம் மந்தம். நியூசிலாந்து தோற்ற மறுநாள் மட்டும் வேண்டாம்.