எம்.ஐ.டி.யின் யூராப்: சம்பளமா, கிரெடிட்டா?

இளநிலை மாணவரைப் பேராசிரியரின் ஆய்வுக்குள் சேர்த்துவிட அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிய திட்டம் யூராப் (UROP). முதலாண்டு மாணவரும் சேரலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

பேராசிரியரைத் தேடிப் பிடிப்பது மாணவர் பொறுப்பு. பிறகு திட்டவரைவு. பலர் சறுக்குவது இங்கேதான். ஆய்வகத்தின் ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே ஒட்டிவிடுவார்கள். ‘வாரம் பத்து மணி நேரம் மாதிரிகளை அளந்து, தரவைச் சீர்செய்வேன்’ என்பதுபோல் தன் பங்கைச் சொல்லும் ஒரு வரி இராது. வரைவுக்கு மேற்பார்வையாளர், துறை ஒருங்கிணைப்பாளர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். கெடு நாளில் பேராசிரியர் வெளியூரில் இருந்தால் திண்டாட்டம்தான்.

இந்த வேலைக்குச் சம்பளம் வாங்கலாம்; அல்லது கிரெடிட், அதாவது பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் அலகு, வாங்கலாம். இரண்டையும் ஒரே பருவத்தில் ஒரே வேலைக்கு வாங்க முடியாது. சம்பளத்தை யூராப் அலுவலகமோ பேராசிரியரின் ஆய்வு நிதியோ தரும். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டவருக்கு வகுப்பு நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரமே உச்சம். வளாகத்தில் பார்க்கும் வேறு வேலையும் அந்தக் கணக்கில் சேரும்.

வழிகாட்டுதலின் தரம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். பெரிய பேராசிரியரிடம் சேர்ந்தாலும் தினமும் சொல்லித்தருபவர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்தான். சேருமுன் அவரிடம் பேசிவிடுங்கள்.