எக்ஸ்டர்னல் டிஸ்க்கா, கிளவுடா, நாஸ் பெட்டியா? வீட்டுக் கணினிக்கு நம்பகமான பேக்கப் எது

வீட்டுக் கணினி என்றால் அதற்குள் பல வருடப் புகைப்படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், வீட்டுப் பத்திரத்தின் நகல், வருமான வரித் தாக்கல் எல்லாம் குவிந்திருக்கும். இதையெல்லாம் எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்டால், கடைக்காரர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் காட்டுவார். ஐ.டி.யில் இருக்கும் உறவுக்காரப் பையன் கூகுள் டிரைவே போதும் என்பான். இன்னும் விவரமான நண்பர் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லாக் கருவிகளும் பகிர்ந்துகொள்ளும் டிஸ்க் பெட்டி) வாங்கச் சொல்வார். மூன்றுமே நல்ல யோசனைகள்தான். ஆனால் மூன்றும் ஒரே ஆபத்திலிருந்து காப்பவை அல்ல. விலையையும் ஜிபி கணக்கையும் அப்புறம் பார்க்கலாம். எது எந்த ஆபத்தைத் தாங்கும் என்பதுதான் முதல் கேள்வி.

வீட்டில் நடக்கக்கூடியவை நான்கு. டிஸ்க் ஒருநாள் செத்துப்போகும். யாராவது ஒரு ஃபோல்டரைத் தெரியாமல் அழித்துவிட்டு, மாதக்கணக்கில் கழித்துத்தான் அதைத் தேடுவார்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழையும். கடைசியாக வீட்டுக்கே வரும் ஆபத்து: திருட்டு, தீ, வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த நான்காவதை விளக்கத் தேவையில்லை.

ஒப்பீட்டுக்கு முன்னால் டி டிரைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முக்கியமானதை டி டிரைவில் போட்டு வைத்தால் பத்திரம் என்ற நம்பிக்கை நம்மூரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விண்டோஸை மறுபடி நிறுவும்போது சி டிரைவ் மட்டும்தான் அழியும் என்ற அளவில் அது உண்மை. ஆனால் பெரும்பாலான லேப்டாப்களில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். டி டிரைவில் இருக்கும் நகல் பேக்கப் ஆகாது.

சரி, முதலில் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் வகை. இவை அடிப்படையில் ஒத்திசைவுச் சேவைகள். கணினியில் இருப்பது அங்கேயும் இருக்கும், கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும். டிஸ்க் செத்தாலும் வீட்டில் வெள்ளம் வந்தாலும் உங்கள் கோப்புகள் தப்பும், அது பெரிய விஷயம். ஆனால் இரண்டாவது ஆபத்தில் இவை கைவிட்டுவிடும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியும் ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியும் 30 நாளில் தாமாகவே காலியாகிவிடும். பொங்கலுக்கு அழிந்ததைச் சித்திரையில் தேடினால் கிடைக்காது.

ஒன்டிரைவில் இன்னொரு சிக்கல் உண்டு. புது விண்டோஸ் 11 கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் பல நேரம் ஒன்டிரைவுக்குள் போய்விடும். அமைப்புப் பக்கத்தில் இதற்கு பேக்கப் என்றே பெயர் போட்டிருக்கிறார்கள். இலவச இடம் 5 ஜிபிதான், சீக்கிரம் நிரம்பிவிடும். இடம் இல்லை என்ற எச்சரிக்கையைப் பார்த்து ஒருவர் பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து, இதெல்லாம் கணினியில் இருக்கிறதே என்று நம்பி அழிக்கிறார். கணினியிலிருந்தும் அவை காணாமல் போகின்றன, ஏனென்றால் இரண்டும் ஒரே கோப்புதான். டி டிரைவில் இருப்பதை ஒன்டிரைவ் திரும்பியும் பார்க்காது. கூகுளில் 15 ஜிபி இலவசம் என்றாலும் அது ஜிமெயிலுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான்.

பேக்கப்புக்கென்றே உள்ள கிளவுட் சேவைகள் வேறு ரகம். பேக்பிளேஸை எடுத்துக்கொள்வோம். ஒரு கணினிக்கு இத்தனை என்று சந்தா, அளவுக்கு வரம்பு கிடையாது, டி டிரைவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அழித்த கோப்புகளையும் பழைய பதிப்புகளையும் ஒரு வருடம் வரை வைத்திருக்கச் சொல்லலாம். ஆனால் அதை நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 30 நாள்தான். நான்கு ஆபத்துகளையும் கிட்டத்தட்ட முழுமையாகத் தாங்கும் ஒரே தனி ஏற்பாடு இது. தடை பணமும் வேகமும். கட்டணம் டாலரில். உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் என்றால், 500 ஜிபி மேலேறக் கணினி இரவும் பகலும் ஓடி நாலரை நாளுக்கு மேல் ஆகும். 40 மெகாபிட் இருந்தால் ஒரு நாளும் சில மணி நேரமும் போதும்.

அதே 500 ஜிபியை யு.எஸ்.பி. 3 வழியாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இறக்க இரண்டு மூன்று மணி நேரம் போதும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஒருமுறை வாங்கினால் சந்தா இல்லை, இணையமும் வேண்டாம். திரும்ப எடுக்கும் வேகத்தில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு நகல், கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தைய காலத்துக்கு வாரத்துக்கொன்று என்று டிஸ்க் நிரம்பும் வரை வைத்திருக்கும். அமைத்து மறந்துவிடக்கூடிய அருமையான கருவி. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி அதே வேலையைச் செய்யும், ஆனால் லைப்ரரிகள் (டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற தொகுப்புகள்), டெஸ்க்டாப் போன்றவற்றை மட்டும்தான் அது பார்க்கும். டி டிரைவில் உள்ள ஃபோல்டரை ஏதாவது ஒரு லைப்ரரியில் சேர்த்துவிட வேண்டும்.

டிஸ்க்கின் பலவீனம் அதன் கேபிளில் இருக்கிறது. எப்போதும் செருகியே வைத்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். கழற்றி வைத்தால் பேக்கப் எடுக்க மறந்துபோகும். பீரோவில் வைத்தாலும் அது அதே வீட்டில்தான் இருக்கிறது.

நாஸ் பெட்டியை வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு டிஸ்க் போட்டு, ஒரே தரவை இரண்டிலும் எழுதும் ரெய்டு அமைத்தால் ஒன்று செத்தாலும் மற்றொன்று ஓடும் என்பது நல்லதுதான். ஆனால் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அதே கணத்தில் அழியும். அதைவிட, நாஸ் என்பது இன்னொரு கணினி, அதைப் புதுப்பித்துப் பராமரிக்க ஆள் வேண்டும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் இணையம் வழியாகவே துடைத்தழிக்கப்பட்டன. 2015-லேயே அந்த மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பு நின்றிருந்தது. 2022 ஜனவரியில் இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் பூட்டியது. நாலைந்து பேர் பல கருவிகளோடு இருக்கும் வீட்டில், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

பென் டிரைவ் கைமாற்றுக்கு மட்டும். டிவிடி எழுத இப்போது லேப்டாப்பில் டிரைவே இல்லை.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி இன்றைக்கும் பொருந்துகிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு ஊடகங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. இதைக் குறைந்த செலவில் செய்ய என் தேர்வு இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒரு சின்ன கிளவுட் ஃபோல்டரும். ஒரு டிஸ்க் வீட்டில், வாரம் ஒருமுறை செருகி எடுத்துவிட்டுக் கழற்ற வேண்டும். இன்னொன்று சித்தி வீட்டிலோ அலுவலக மேஜையிலோ. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். பத்திரம், சான்றிதழ், எழுதிக்கொண்டிருக்கும் வேலை ஆகியவை சில ஜிபிதான் வரும், அவை கிளவுடிலும் இருக்கட்டும். நல்ல அப்லோடு வேகமும் சந்தா கட்டும் மனமும் உள்ளவர்கள் இரண்டாவது டிஸ்க்குக்குப் பதில் பேக்பிளேஸ் மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் திரும்ப எடுத்துப் பாருங்கள். மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று தரவுத்தளம் தவறுதலாக அழிந்தபோது, ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பியபடி கைகொடுக்கவில்லை. ஒரு பொறியாளர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. வீட்டில் இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பழைய வருடத்துப் படம் ஒன்றையும் போன வாரக் கோப்பு ஒன்றையும் திறந்து பாருங்கள்.

வெளியே போகும் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டு அவசியம். விண்டோஸ் ஹோம் பதிப்பில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்ட முடியாது, அதே வேலையைச் செய்யும் வெராகிரிப்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத வீட்டில் வையுங்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.