ஆறு வருட ஸ்கானரும் றங்குப்பெட்டிப் படங்களும்

முள்ளியவளையில் எங்கள் வீட்டு மேசையில் இருக்கும் ஸ்கானரை 2019இல் வாங்கினேன். ஏ4 அளவு, சிஐஎஸ் வகை (படத்தை வாசிக்கிற சென்சர் கண்ணாடிக்குக் கிட்டவே ஓடும்), மெல்லியது. யூஎஸ்பி வயரிலேயே கரண்ட் எடுக்கும்; அதற்காகத்தான் அதை எடுத்தேன். 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனபோதும் லேப்டொப் பற்றரியில் ஓடியது.

முதலில் எங்கள் படங்கள். 2009இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அம்மா அல்பத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் உருவி ஒரு சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தா. பங்கர் ஈரத்திலும் முகாம் மழையிலும் பாதி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்று. அவசரப்பட்டு இரண்டை இழுத்துப் பிரித்தேன். அம்மம்மாவின் கன்னம் மற்றப் படத்தின் முதுகோடு போய்விட்டது. அன்றிலிருந்து ஒட்டினதை ஒட்டினபடியே வைத்து, தெரிகிற பக்கத்தை மட்டும் ஸ்கான் பண்ணுகிறேன்.

சிஐஎஸ் வகையின் குணம் என்னவென்றால், கண்ணாடியில் படிந்து கிடப்பது மட்டும்தான் அதற்குக் கூர்மையாகத் தெரியும். சுருண்ட படத்தின் ஓரம் இரண்டு மில்லிமீற்றர் எழும்பினாலே கலங்கிவிடும். இரண்டு கிழமை கொப்பிகளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றிய பிறகுதான் ஸ்கானருக்குக் கொண்டுபோவேன். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிய கலியாணப் படங்களை இதில் வைக்கவே வேண்டாம். பின்னேர வெளிச்சத்தில் விறாந்தையில் வைத்துக் கைத்தொலைபேசியால் எடுப்பது மேல். லென்ஸ் வைத்து வாசிக்கிற சிசிடி வகை ஸ்கானர் என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது பாரம், விலையும் கூட, தனிக் கரண்டும் வேண்டும்.

இன்னொன்று எங்கள் ஊர்ப் புழுதி. வெயில் காலத்தில் கிரவல் றோட்டால் ஒரு டிப்பர் போனால் போதும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நெடுக ஒரு கோடு விழுந்தால் பிழை படத்தில் இல்லை, கண்ணாடியில். துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடையுங்கள். கண்ணாடிமேல் நேரே எதையும் விசிற வேண்டாம்.

சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, போதும். ஆறுக்கு நாலு அங்குலப் படம் 3600க்கு 2400 புள்ளிகள் வரும். தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 25 எம்பி. அடையாள அட்டைப் படத்துக்கு மட்டும் 1200. 35க்கு 45 மில்லிமீற்றர் படத்தை அதில் எடுத்தால் ஐந்தரைக்கு ஏழு அங்குலம் வரை தெளிவாக அச்சிடலாம். அதற்கு மேல் டிபிஐயைக் கூட்டினால் கடதாசியின் கீறல்தான் பெரிதாகும், முகம் கூடுதலாகத் தெரியாது.

ஸ்கானரோடு வந்த மென்பொருளின் 'தானியங்கித் திருத்தம்' எல்லாரையும் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆக்கும், நிறுத்திவிட்டேன். திருத்துவது ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில். இலவசம், பழைய லேப்டொப்பிலும் ஓடும். எண்பதுகளின் கலர்ப் படங்கள் பல சிவந்து போயிருக்கும். அதில் லெவல்ஸ் என்ற வரைபடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எடுத்து, இரு பக்க முனைகளையும் வரைபடத்தின் மேடு தொடங்குமிடத்துக்கு இழுத்தால் பாதி நிறம் திரும்பி வரும். தேன்கூடு மாதிரிப் சொரசொரத்த தாளில் அடித்த ஸ்ரூடியோப் படத்தை நேராக ஒருமுறை, 180 பாகை திருப்பி ஒருமுறை எடுத்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக நேராகப் பொருத்தி, மேல் லேயரை ஐம்பது வீதம் ஊடுதெரிய வைத்தால் புள்ளிகள் அடங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது!

ஜிம்பில் கீறலை அழிக்கிற ஹீல் கருவியோடுதான் கவனம். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் வெயிலில் பிடித்துப் பிடித்து வெளிறிய படங்களைப் புதிதாக அடிக்கச் சிலர் என்னிடம் தருவார்கள். அப்படி ஒரு மாமி மகனின் பாடசாலை அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்தா. கீறல், சீல் மை எல்லாவற்றையும் அழித்துப் பளிச்சென்று கொடுத்தேன். கன நேரம் பார்த்தா.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா சைக்கிளால விழுந்த காயம் ஒண்டு புருவத்தில இருந்தது. அது எங்க?"

நான் அதைக் கீறல் என்று நினைத்து அழித்திருந்தேன். நல்ல வேளை, கை வைக்காத முதல் கோப்பைத் தனி ஃபோல்டரில் வைக்கிற பழக்கம் இருந்தது. அதைத் திறந்து, மாமியைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் செய்தோம். சீல் மையில் ஒரு துண்டையும் விடச் சொன்னா, பள்ளிக்கூடத்தின் பெயர் அதில் தெரிந்ததால்.

நெகற்றிவ் இதில் முடியாது, பின்னால் வெளிச்சம் வேண்டும். ஒரு பிஸ்கற் ரின் நிறைய நெகற்றிவ் இருக்கிறது. சித்தப்பா கொழும்பால் வரும்போது நெகற்றிவுக்கான பாவித்த ஸ்கானர் ஒன்று கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார்.