தரையைப் பார்த்து வகுப்பில் சேருங்கள்: ராமநாதபுரம் கடலோரத்தில் சிலம்பம், கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊரானாலும் தற்காப்புக் கலை வகுப்புக்கு வாய்க்கிற இடம் மூன்றுதான்: கடற்கரை மணல், மொட்டை மாடி, டைல்ஸ் போட்ட ஹால். எந்தக் கலை உசத்தி என்ற வாதம் இருக்கட்டும், முதலில் தரையைப் பாருங்கள். புதிதாகச் சேருகிறவரின் முட்டி தப்புவதும் கெடுவதும் அதில்தான்.

இந்தக் கரைக்கு முதல் மார்க் சிலம்பத்துக்கே. அலை வந்து போன, கால் புதையாத ஈர மணல் காலடி பழக அருமையான தரை. கம்பு புருவ உயரம் போதும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 5 அடி வரும். கணு நெருங்கிய கல் மூங்கிலாகப் பார்த்து வாங்குங்கள், பருமன் கட்டைவிரல் அளவு இருக்கட்டும். எடுத்த எடுப்பிலேயே தடித்த கம்பைப் பிடித்தால் மணிக்கட்டு வலி விடாது. வெயிலில் சாத்தி வைத்த கம்பு காய்ந்து வெடித்து, சிலாம்பு உள்ளங்கையில் ஏறும். அவ்வப்போது எண்ணெய் தடவி நிழலில் படுக்கப் போடுங்கள்.

நல்ல ஆசான் முதல் சில வாரம் காலடியும் வெறுங்கை வீச்சும்தான் கொடுப்பார். பிள்ளைகளுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நாளே கம்பைச் சுழற்றவிட்டு ரீல்ஸ் எடுக்கும் வகுப்பில், இடுப்பு திரும்பாமல் தோளால் மட்டும் சுற்றப் பழகிவிடுவார்கள். அப்புறம் வேகம் கூட்டும்போது கம்பு சொந்தக் கணுக்காலையே பதம் பார்க்கும். இடைவெளியையும் கவனியுங்கள். ஆளுக்கு ஆள் 10 அடி வேண்டும். 30க்கு 40 அடி மாடியில் 12 பேர்தான் கணக்கு. அதே மாடியில் 25 பேர் நின்றால் அந்த வகுப்பு வேண்டாம்.

தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. அதற்காகவே சேர்ப்பதென்றால், எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சங்கங்கள் பல, எல்லாச் சான்றிதழுக்கும் ஒரே மதிப்பு கிடையாது.

கராத்தேவுக்கு மாடியோ ஹாலோதான் சரி. வட்ட உதை விடும்போது ஊன்றிய பாதம் திரும்பியாக வேண்டும். உதிரி மணலில் பாதம் புதைந்து நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும், முறுக்கு முழுக்க முட்டியில் இறங்கும். கடற்கரையில் உதைப் பயிற்சி படத்துக்கு அழகு, அவ்வளவுதான். டைல்ஸில் வேறு சிக்கல்: வியர்வை சொட்டினால் வழுக்கும், துடைக்க ஒரு துணியாவது மூலையில் கிடக்கிறதா பாருங்கள். கராத்தேயின் ஒரு பிரிவான ஷோட்டோகானில் முதல் கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) பெரும்பாலும் ஹெயான் ஷோடன், 21 அசைவு. அதை ஒழுங்காக நிறுத்தி நிறுத்திச் செய்யவே சில மாதம் பிடிக்கும். ஒன்றரை வருஷத்தில் பிளாக் பெல்ட் என்று போர்டு வைத்திருந்தால், விற்பது பெல்ட்தான். தேர்வுக் கட்டணம் மாதக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்பதையும் கேளுங்கள்.

டேக்வாண்டோ போட்டிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைக்கு ஏற்றது. 2000 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. தலையில் படும் உதைக்குப் புள்ளி அதிகம் என்பதால் உயர உதைக்கத்தான் எல்லோரும் துடிப்பார்கள். தொடையை இளக்காமல் உதைத்தால் பின்தொடை பிடித்துக்கொள்ளும். தலைக்கவசமும் மார்புக் கவசமும் இல்லாமல் சண்டை விடும் இடத்தில் சேராதீர்கள்.

ஜூடோவுக்கு மெத்தை இல்லையென்றால் பேச்சே இல்லை. சுமார் 4 செ.மீ. தடிமனுள்ள ஜூடோ மெத்தை வேண்டும், பிள்ளைகள் விளையாடும் ரப்பர் பாய் காணாது. விழப் பழக்காமல் தூக்கி எறியக் கற்றுக்கொடுத்தால் முதலில் போவது காறை எலும்பு.

மணலில் நடக்கும் வகுப்பானால் தை, மாசியில் சேருவது நல்லது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் ஒதுங்க உள்ளே இடம் உண்டா, வகுப்பு நடக்காத நாளுக்கு என்ன கணக்கு என்று கேட்டுக்கொண்டு ஃபீஸ் கட்டுங்கள்.