ஒடித்துப் பார்த்து வாங்கலாம்: கீழமாசி வீதி மசாலாக் கடை அனுபவம்

மதுரையில் மசாலாச் சாமான் வாங்க இடத்துக்கா பஞ்சம்? தெருமுனை மளிகைக் கடையில் பட்டை, கிராம்பு பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடி பாட்டிலில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். போனில் தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத கீழமாசி வீதிக்குப் பல வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே சரக்கைக் கையில் எடுத்து, ஒடித்து, முகர்ந்து, வேண்டுமானால் கடித்தும் பார்த்து வாங்கலாம். பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு வரலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை.

தேர்முட்டிப் பக்கம் மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே, சில்லறைக்கும் நிறுத்துக் கொடுக்கிற கடை இது. அரிசி, பருப்பு, எண்ணெய் கேட்டால் அடுத்த கடையைக் காட்டுவார்கள். மசாலாவும் அதை ஒட்டிய நாட்டு மருந்துச் சரக்கும் மட்டும்தான். பெயரைச் சொல்லி விளம்பரம் செய்ய விருப்பமில்லை. அந்தப் பக்கம் இதே தினுசில் இன்னும் சில கடைகள் உண்டு, நான் சொல்வதில் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் மிளகாய் வத்தல். கடை வாசலிலேயே வாய் மடித்துவிட்ட சாக்குகளில் குண்டு, சம்பா, குண்டூர், காஷ்மீரி, பியாடகி என்று வரிசையாக நிற்கும். பாக்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு இது எல்லாம் ஒரே ‘காய்ந்த மிளகாய்’தான். இங்கே வாங்கிப் பழகிய பிறகுதான் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கானது என்று எனக்குப் புரிந்தது. குண்டு என்பது ராமநாதபுரத்து முண்டு வத்தல். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது அதற்குத்தான். தோல் தடிப்பாக, பளபளப்பாக இருக்கும், காதோரம் ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். தாளிப்பதற்கு இதை அடிக்க வேறு வத்தல் கிடையாது. எண்ணெயில் விழுந்ததும் சட்டென்று கருகாமல் உப்பிக்கொண்டு நிற்கும். காரத்துக்குச் சம்பா. காஷ்மீரியும் பியாடகியும் பெரும்பாலும் நிறத்துக்கு. சாப்பாட்டுக் கடைகளில் சிவப்பாக மிதக்கும் குழம்பைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டில் காரத்தை ஏற்றுகிறவர்கள் உண்டு. சிவப்பு வேறு, காரம் வேறு. பொடிக்கு நான் போடும் கணக்கு மூன்று பங்கு சம்பா, ஒரு பங்கு குண்டு, கூடவே ஒரு கைப்பிடி காஷ்மீரி. உங்கள் வீட்டு நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வத்தலைப் பார்க்கும் விதத்தைக் கடைக்கார அண்ணாச்சிதான் காட்டிக்கொடுத்தார். சாக்கின் மேலாக இருப்பதை எடுக்க மாட்டார், முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுப்பார். காம்பைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் நெடுகக் கீறி, விரித்துக் காட்டுவார். உள்தோல் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக, விதை வெளிறிய பொன்னிறமாக இருந்தால் சரி. சாம்பல் பூத்த மாதிரி லேசாக ஏதாவது ஒட்டியிருந்தால் வெளியே எவ்வளவு மினுமினுத்தாலும் ஆகாது. காம்பு உதிர்ந்த துளை வழியாகத்தான் ஈரமும் பூஞ்சையும் உள்ளே போகின்றன என்பார். அது வெறும் ருசிச் சமாச்சாரம் இல்லை. அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை நச்சு வத்தலில் வரக்கூடியது, வறுத்தாலும் அரைத்தாலும் முழுசாகப் போகாது. அதனால் காம்போடு இருக்கிற வத்தலாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொள்கிறேன். வெளிறிப்போன சண்டு வத்தலும் மலிவு விலைக்குக் கிடைக்கும். அது எங்கே போகிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “பொடியாப் போனா யாருக்குத் தெரியும்மா?” என்றார். அன்றோடு பாக்கெட் மிளகாய்ப் பொடி வாங்குவதை விட்டுவிட்டேன்.

ஒரு தை மாதம் பொடிக்கு வத்தல் கேட்டபோது அவரே தடுத்தார். “இது போன வருசத்துச் சரக்கும்மா. தாளிக்க வேணா கால் கிலோ எடுத்துக்கங்க. பொடிக்குப் பங்குனி கழியட்டும், புது வத்தல் வந்துரும்.” கல்லாவுக்கு வருகிற காசைத் தானே தள்ளிப்போடுகிற வியாபாரியை இந்தக் காலத்தில் எங்கே பார்ப்பது! மிளகாய்க்குக் கோடைதான் புதுச் சரக்கு. மிளகு மார்கழியிலிருந்து மாசி வரை பறிப்பு. ஈரோட்டு மஞ்சளும் குஜராத், ராஜஸ்தான் சீரகமும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் சந்தைக்கு வர ஆரம்பிக்கும். மாம்பழத்துக்குப் பருவம் பார்க்கிற நாம் சீரகத்துக்குப் பார்ப்பதில்லை. புதுச் சீரகத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள், வித்தியாசம் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து பட்டை. நம் வீடுகளில் பட்டை என்று புழங்குவது பெரும்பாலும் காசியா வகை. வியட்நாம், இந்தோனேசியா, சீனா என்று வெளியிலிருந்து வருவது. தடிமனாக, மரப்பட்டை என்று பார்த்ததுமே தெரியும், ஒடிக்கப் பலம் வேண்டும். சுருள் பட்டை என்று இன்னொரு டப்பாவில் தனியாக வைத்திருப்பார்கள். அது இலங்கைக் கறுவா. மெல்லிய தோல் பல அடுக்காக, சுருட்டு மாதிரி உருட்டியிருக்கும், இரண்டு விரலால் நெரித்தாலே நொறுங்கும். விலை பல மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் குறியீடு அது.

விலை அதிகம் என்பதால் சுருள் பட்டைதான் எல்லாவற்றுக்கும் உசத்தி என்று நினைக்க வேண்டாம். பிரியாணிக்கும் கறிக்குழம்புக்கும் அதைப் போடுவது வீண். வெங்காயம், இஞ்சி பூண்டு, கொழுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் அதன் மெல்லிய இனிப்பு காணாமல் போய்விடும். அங்கே காசியாவின் முரட்டு வாசனைதான் நிற்கும். டீ, பாயசம், ஆப்பிள் போட்டுச் செய்யும் கேக் என்றால் சுருள் பட்டை. சர்க்கரை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு தினமும் பட்டைத் தண்ணீர் குடிக்கிறவர்கள் நம் உறவில் ஒருவராவது இருப்பார்கள். காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு, அளவு மீறினால் கல்லீரலுக்குக் கெடுதல். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. கறுவாவில் கூமரின் மிகவும் குறைவு. அந்தப் பழக்கத்தை விடமாட்டேன் என்கிறவர்களுக்கு மட்டுமாவது சுருள் பட்டையை வாங்கிக் கொடுங்கள்.

ஏலக்காய்க்கு நமக்குப் போடி பக்கம். போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. அங்கே விலை ஏறினால் கீழமாசி வீதிக்கு வந்து சேர ரொம்ப நேரம் ஆகாது. 2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அடிபட்டு, மறு வருடம் மழையும் சரியாக இல்லாமல் போனபோது விலை ஏறிய ஏற்றம் மறக்க முடியாதது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்ச விலை கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. பாயசத்துக்கு ஐந்து காய் தட்டிப் போடுகிற வீடுகளில் இரண்டு காயாகிப் போன காலம் அது. அப்போது அண்ணாச்சி சொன்ன யோசனையை இன்றும் கடைப்பிடிக்கிறேன். எட்டு எம்.எம். பருமனில் பச்சைப் பசேலென்று இருப்பது தாம்பூலத்துக்கும் அன்பளிப்புக்கும்தான் லாயக்கு. டீக்கும் பொடிக்கும் சின்னக் காய் போதும், வாசனை விதையில்தான் இருக்கிறது. ஆனால் வாய் பிளந்த காயை மட்டும் வாங்காதீர்கள், வாசனை பாதி வழியிலேயே போயிருக்கும். உரித்துப் பார்த்தால் விதை கறுப்பாக, லேசாகப் பிசுபிசுப்பாக ஒட்ட வேண்டும்.

கிராம்பும் மிளகும் பரீட்சை வைக்க எளிது. கிராம்பின் தண்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். எண்ணெய் எடுத்த சக்கையைக் கலந்து விற்பதும் நடக்கிறது. அது சுருங்கி, கடித்தால் நாக்கு மரத்துப்போகாமல் இருக்கும், தண்ணீரில் படுத்து மிதக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மலைக் கிராம்பு கிடைத்தால் விடாதீர்கள், புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. மிளகில் பப்பாளி விதைக் கலப்படம் பழைய கதை. ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் போய் உட்காரும், பப்பாளி விதை மிதக்கும். முற்றாத லேசு மிளகும் மிதக்கும் என்பதால் மிதந்ததை எல்லாம் கலப்படம் என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம்.

கல்பாசி, மராட்டி மொக்கு, ஜாதிபத்திரி, வால்மிளகு, சித்தரத்தை, கண்டந்திப்பிலி எல்லாம் இங்கே இருபது கிராம் கேட்டாலும் முகம் கோணாமல் கொடுப்பார்கள். வருடத்துக்கு நாலு தடவை செட்டிநாட்டுக் கோழி செய்கிற வீட்டுக்கு நூறு கிராம் கல்பாசி பாக்கெட் எதற்கு? அப்புறம் கட்டிப் பெருங்காயம். பெரிய கட்டியிலிருந்து தட்டி எடுத்துத் தருவார். இதிலும் மாவும் பிசினும் சேர்ந்திருக்கும். தனிப் பெருங்காயத்தின் வேகத்தைச் சமையல் தாங்காது. மூலச் சரக்கு ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கத்திலிருந்து வருகிறது. 2020 அக்டோபரில்தான் இமாசலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் நம் விஞ்ஞானிகள் முதல் செடியை நட்டார்கள். பெருங்காயம் இல்லாமல் ஒரு ரசமும் வைக்காத நாட்டில்!

போன வருடம் தங்கை துபாய்க்குக் கிளம்பும்போது அண்ணாச்சியிடம் சாமான் சிட்டையைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் நிறுத்துக்கொண்டு வந்தவர் கசகசாவில் நின்றார். “ஊருக்கா, வெளிநாட்டுக்கா?” துபாய் என்றதும் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். அமீரகம், சவூதி, சிங்கப்பூரில் எல்லாம் கசகசாவுக்குத் தடை. அபின் செடியின் விதை என்பதால் விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். குருமாவுக்கு முந்திரியை அரைத்து ஊற்றச் சொல்லி அனுப்பினார். பாட்டிலில் விற்கிற எந்தக் கடை இதைக் கேட்கும்?

குறைகளையும் சொல்ல வேண்டும். சில்லறைச் சரக்கில் எந்த ஊர், எந்த மாதம் என்று எழுதியிருக்காது. அண்ணாச்சியின் வாய்ச்சொல்தான் லேபிள். அவர் இல்லாமல் கடைப்பையன்கள் மட்டும் இருக்கிற நேரத்தில் போனால் மேல் சாக்கில் கிடப்பதுதான் கிடைக்கும். கேட்டால்தான் பில். இன்னமும் சில நேரம் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டுகிறார்கள். மை ஒட்டும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் கூடாது என்கிறது. நான் மூடி போட்ட டப்பாக்களைக் கையோடு கொண்டுபோய்விடுகிறேன். தும்மல் நிச்சயம். தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் வாசலோடு நின்றுகொள்வது நல்லது. மாலையில் லாரியில் சரக்கு ஏற்றி இறக்குவார்கள், நிற்க இடம் இருக்காது. சித்திரைத் தேரோட்டத்தன்று அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம்.

எல்லாவற்றையும் இங்கேதான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. கடுகு, வெந்தயம், சோம்பு எங்கள் தெரு மளிகைக் கடையிலேயே நன்றாக இருக்கிறது, அதற்காகப் பெட்ரோல் செலவழிப்பதில்லை. கடையில் அரைத்து வைத்திருக்கும் கறிமசாலா, பிரியாணி மசாலா பொட்டலங்களையும் தொடமாட்டேன். முழுச் சரக்கை இவ்வளவு அக்கறையாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, என்றைக்கோ அரைத்த பொடியை எதற்கு வாங்குவது? முழு மிளகும் கிராம்பும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வருடத்துக்கு மேல் தாங்குகின்றன. பொடி மூன்று மாதத்துக்குள் தீர்கிற அளவுக்குத்தான் அரைக்கிறேன். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏலக்காய் ஐம்பது கிராம், கிராம்பு ஐம்பது, பட்டை நூறு, மிளகு கால் கிலோ என்று தொடங்கிப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குள் போனால் அண்ணாச்சியே கல்லாவில் இருப்பார். எந்தச் சரக்கு புதிதாக வந்திருக்கிறது என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டு, அப்புறம் சிட்டையை நீட்டுங்கள்.