பீனிக்ஸ் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் பெற்றோர் கவனத்துக்கு: "டிரெயில் பர்மிட்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

அரிசோனாவில் பீனிக்ஸ், சான்ட்லர், கில்பர்ட், டெம்பி பக்கம் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ சில மாதம் தங்க வருகிற பெரியவர்களைக் குறிவைத்து ஒரு வேன் சுற்றுலா பேக்கேஜ் ஓடிக்கொண்டிருக்கிறது. நடத்துகிறவர் தமிழர்தான். தேனாகப் பேசுவார். பெயரை எழுதவில்லை. அவர் எப்படிப் பணம் பிடுங்குகிறார் என்பதை மட்டும் எழுதுகிறேன். அதே பாட்டை உங்களிடம் யார் பாடினாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

மகள், மாப்பிள்ளை இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். சனி ஞாயிறு வந்தால் பேரனுக்கு நீச்சல், தமிழ்ப் பள்ளி, பிறந்தநாள் விழா. நமக்கோ கார் ஓட்டத் தெரியாது. இங்கே கார் இல்லாதவர் கால் இல்லாதவர். சாயங்கால நடையில் சேர்ந்துகொள்ளும் பெரியவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில்தான் அறிவிப்பு வந்தது. மூன்று சனிக்கிழமை, மூன்று ஊர்: பீனிக்ஸ் மலைப்பாதைகள், செடோனா, ஆன்டிலோப் கேன்யன். ஒருவருக்கு 220 டாலர். அதற்கு மேல் "அரசாங்க பர்மிட்" வகையில் 45 டாலர். "அங்கிள், ஆன்ட்டி, நீங்க வேன்ல ஏறி உக்காந்தா போதும், மத்தது என் பொறுப்பு" என்றார். பதினொரு பேர் சேர்ந்தோம். பணம் முழுவதும் முன்கூட்டியே, அதுவும் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் ஸெல் (Zelle) வழியாக மட்டும்.

நான் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 45 டாலருக்கு விவரம் கேட்டேன். உடனே அனுப்பினார்: கேமல்பேக் மலை 10, சவுத் மவுண்டன் 5, செடோனா ரெட் ராக் பாஸ் 10, அங்கே ஷட்டில் பஸ் 5, நவஹோ பர்மிட் 15. கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

முதல் சனிக்கிழமை. ஜூன் மாதம். காலை ஆறுக்கு வருவதாகச் சொன்ன வேன் எட்டரைக்கு வந்தது. கேமல்பேக் அடிவாரம் சேரும்போது ஒன்பதரை. வாசலில் பாதை மூடல் என்று பலகை. அன்று அதிதீவிர வெப்ப எச்சரிக்கை அமலில் இருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் கேமல்பேக்கிலும் பியெஸ்டவா சிகரத்திலும் ஏறுவதைப் பகலில் நகராட்சியே தடுத்துவிடுகிறது. 2021 கோடையில் தொடங்கிய ஏற்பாடு. முதலில் காலை 11 முதல் மாலை 5 வரை என்று இருந்தது, பிறகு நேரத்தை முன்னுக்கு இழுத்து காலை 8 மணிக்கே மூடுகிறார்கள். முந்தின நாளே செய்தியில் சொல்லிவிடுகிறார்கள். இதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரியாதாம்.

அங்கே நின்ற ரேஞ்சர் பெண்ணிடம், "பர்மிட் கட்டியிருக்கிறோமே, அந்தப் பணம் திரும்ப வருமா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்டார். பிறகு சொன்னார், இந்த மலையில் ஏற யாருக்கும் எந்தக் கட்டணமும் கிடையாது, வண்டி நிறுத்தவும் கிடையாது என்று. சவுத் மவுண்டனும் அப்படியே. 16,000 ஏக்கருக்கு மேல் பரந்த நகராட்சிப் பூங்கா, நுழைவு இலவசம். நம்மவர் அதற்குள் வேனுக்குள் போய் ஏசியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு, "அது வேற பர்மிட் அங்கிள், குரூப் பர்மிட்" என்றார். காட்டச் சொன்னேன். ஆபீஸில் இருக்கிறதாம்.

பணம் போனதைக்கூட விடுங்கள். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இந்தப் பதிவை எழுதவைத்தது. கேமல்பேக் இல்லை என்றானதும் பாப்பகோ பூங்காவில் உள்ள ஓட்டைப் பாறைக்கு வேனைத் திருப்பினார். சின்ன ஏற்றம்தான், காலை வெயிலில் பத்து நிமிஷத்தில் ஏறிவிடலாம், மேலே பாறைத் துளை வழியாக ஊரே தெரியும். நல்ல இடம், பிறகு விடியற்காலையில் மாப்பிள்ளையோடு போய்ப் பார்த்தேன். ஆனால் அன்று நாங்கள் ஏறியபோது பதினொரு மணி, வெயில் 110 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதாவது நம் கணக்கில் 43. ஆளுக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில் தண்ணீர். அவ்வளவுதான்.

வேலூரில் இல்லாத வெயிலா, திருச்சியில் இல்லாத வெயிலா என்று நினைப்பீர்கள். நம் ஊரில் வேர்த்து ஊற்றும், சட்டை நனையும், உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று தெரியும். இந்தப் பாலைவனத்தில் காற்று சுக்காகக் காய்ந்திருப்பதால் வேர்வை தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடுகிறது. உடம்பில் தண்ணீர் வற்றுவதே தெரியாது. தெரியும்போது தலை சுற்றும். எங்களோடு வந்த காரைக்குடி அம்மா ஒருவர் பாதி ஏற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரத்த அழுத்தத்துக்கு, அதிலும் சிறுநீர் அதிகம் போகவைக்கும் வகை மாத்திரை சாப்பிடுகிறவர். கண் சொருகியது. முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார இளைஞன் ஓடிவந்து தன் பையில் இருந்த ஐஸ் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டான், உப்புக் கரைசல் கொடுத்தான். எங்கள் "கைடு" கீழே வேனில் இருந்தார். என் வீட்டுக்காரி இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டிய பிறகுதான் வந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நைன் ஒன் ஒன் கூப்பிட்டுட்டீங்களா? வேண்டாம், பில் எக்கச்சக்கமா வரும்." அந்த அம்மாவின் நல்ல காலம், அரை மணியில் தேறிவிட்டார்.

மாரிகோபா கவுண்டி, அதாவது பீனிக்ஸ் இருக்கிற மாவட்டம், 2023 ஆம் ஆண்டில் வெப்பத்தால் இறந்தவர்கள் என்று பதிவு செய்தது 645 பேரை. அந்த ஆண்டு ஜூன் கடைசியில் தொடங்கித் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் கீழே உச்ச வெப்பம் இறங்கவே இல்லை. இப்படிப்பட்ட ஊரில் அரை லிட்டர் தண்ணீரைக் கொடுத்து வயதானவர்களைப் பதினொரு மணிக்கு மலையேற்றுகிற ஆளை என்னவென்று சொல்வது?

செடோனாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊர் அழகு, அவர் கெடுத்தது கொஞ்சம்தான். போகிற வழியில் மான்டசூமா காசில் என்ற இடம். செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் குழிவில், தரையிலிருந்து நல்ல உயரத்தில், சினாகுவா என்ற பழங்குடி மக்கள் கட்டிய ஐந்து அடுக்கு வீடு, இருபது அறை. 1951 முதல் உள்ளே ஏற விடுவதில்லை, கீழே மரநிழலில் நின்று பார்க்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்ற சமதளப் பாதை. இங்கே "சீனியர் பாஸ் எல்லாருக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றிருந்தார். வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். சீனியர் பாஸ் என்பது முதியோருக்கான நுழைவுச் சீட்டு, அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். விசிட்டர் விசாவில் வந்த நமக்கு வயது எத்தனை ஆனாலும் கிடையாது. ஆளுக்கு 10 டாலர் எங்கள் பையிலிருந்து போனது.

ரெட் ராக் பாஸ் என்று ஆளுக்கு 10 வாங்கினாரே, அது வண்டி நிறுத்தும் சீட்டு, ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. நாள் ஒன்றுக்கு ஒரு வண்டிக்கு 5 டாலர், பாதைத் தொடக்கத்தில் இருக்கும் இயந்திரத்திலேயே வாங்கலாம், அதுவும் எல்லா இடத்துக்கும் தேவைப்படாது. சனிக்கிழமை என்பதால் கதீட்ரல் ராக் என்ற பாறைக் குன்றின் அடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடம் மூடியிருந்தது, ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும். அந்த பஸ் இலவசம். ஏறும்போது ஓட்டுநர் யாரிடமும் காசு கேட்கவில்லை. நான் நம்மவர் முகத்தைப் பார்த்தேன், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மூன்றாவது சனிக்கிழமை, ஆன்டிலோப் கேன்யன் பக்கத்து ஊரான பேஜ். பீனிக்ஸிலிருந்து வடக்கே நாலரை மணி நேரம். விடியற்காலை நான்குக்குக் கிளம்பினோம். இந்த முறை வேன் நேரத்துக்கு வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டி நவஹோ பழங்குடி மக்களின் நிலத்துக்குள் நுழைந்ததும் எல்லார் செல்லிலும் ஒரு மணி நேரம் கூடிவிட்டது. அரிசோனா 1968 முதல் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவஹோ மக்கள் தங்கள் நிலத்தில் மாற்றுகிறார்கள். பேஜ் ஊரோ அரிசோனா நேரத்தில்தான் ஓடுகிறது. செல்லை நம்பி வந்தால் குழம்பிவிடும்.

ஆன்டிலோப் கேன்யன் முழுக்க நவஹோ மக்களுக்குச் சொந்தமானது. அவர்கள் அனுமதித்த வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. விளையாட்டுக்கு வைத்த விதி இல்லை. 1997 ஆகஸ்டில் எங்கோ தூரத்தில் பெய்த மழையின் வெள்ளம் கீழ்ப் பள்ளத்தாக்குக்குள் பாய்ந்து பதினொரு பேர் செத்துப் போனார்கள். தலைக்கு மேல் வானம் வெறிச்சென்று இருந்தாலும் வெள்ளம் வரும். அதனால் நுழைவுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்வார்கள். கோடையில் நடுப்பகல் வெளிச்சக் கற்றை விழும் நேரத்துக்கான இடங்கள் மிக முன்னதாகவே நிரம்பிவிடும்.

நம்மவர் முன்பதிவே செய்யவில்லை. கவுன்டரில் போய் நின்று பதினொரு இடம் கேட்டார். அந்த நவஹோ அம்மா கணினியைப் பார்த்துவிட்டு, இன்று இல்லை, நாளையும் இல்லை என்றார். திரும்பி வந்தவர் எங்களிடம் சொன்னது வேறு: "வெள்ள அபாயமாம் அங்கிள், மூடிட்டாங்க." எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சீனக் குடும்பம் வழிகாட்டியோடு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தது. திருச்சிக்காரர் ஒருவர் பொறுக்காமல், "அவங்க எல்லாம் நீச்சல் தெரிஞ்சவங்களா தம்பி?" என்றார்.

அதற்கு ஈடாக ஹார்ஸ்ஷூ பெண்ட் கூட்டிப் போனார். கொலராடோ ஆறு குதிரை லாட வடிவில் வளையும் இடம், ஆயிரம் அடி கீழே பச்சையாக ஓடுகிறது. போய்வர இரண்டரை கிலோமீட்டர் நடை, நிழல் குறைவு. வணிக வண்டிக்கு நிறுத்தக் கட்டணம் கூடுதல் என்பதால், எல்லாரும் ஒரே குடும்பம் என்று சொல்லி 10 டாலரில் முடித்தார். தமிழும் தெலுங்குமாய் ஒரே குடும்பம்.

இப்போது கணக்கு. பர்மிட் என்று பதினொரு பேரிடம் வாங்கியது 495 டாலர். மூன்று பயணத்திலும் அந்த வகையில் அவர் உண்மையில் கட்டியதாக நான் பார்த்தது, செடோனாவில் 5, ஹார்ஸ்ஷூவில் 10. இதை எழுதி அனுப்பி, பர்மிட் பணத்தையும் ஆன்டிலோப் பங்கையும் கேட்டேன். முதல் பதில், "பார்க்கலாம் அங்கிள்." இரண்டாவது, "சர்வீஸ் சார்ஜ் அது." மூன்றாவது பதில் வரவில்லை. வங்கியில் மகள் கேட்டதற்கு, ஸெல்லில் நீங்களாகவே அனுப்பிய பணத்தை மீட்பது கஷ்டம் என்றார்கள். கிரெடிட் கார்டாக இருந்தால் சேவை தரவில்லை என்று தகராறு எழுப்பலாம். அவர் கார்டு வாங்காததற்குக் காரணம் இப்போது விளங்கும். அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகார் இணையத்திலேயே போடலாம், மகள் போட்டிருக்கிறாள். சுற்றிப் பார்ப்பவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு தேசிய வனப் பகுதிக்குள் வழிநடத்த வனத்துறை அனுமதி வேண்டும் என்பதும் அவள் தேடிப் பார்த்துச் சொன்னதுதான்.

யாரிடம் போனாலும் அனுமதித் தாளையும் வண்டிக் காப்பீட்டையும் ஏறுவதற்கு முன் கண்ணால் பாருங்கள். ஆன்டிலோப் என்றால் உங்கள் பெயரில், நேரம் போட்ட முன்பதிவுச் சீட்டு கையில் இருக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை காலை ஏழு மணிக்குள் நடந்து முடிக்காத எந்தத் திட்டத்திலும் சேராதீர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த மாதத்திலும் மலைப்பக்கம் போகாதீர்கள்.

காசே இல்லாமல் பார்க்க இந்த ஊரில் நிறைய இருக்கிறது. கில்பர்ட்டில் ரிப்பேரியன் பூங்கா, சுத்திகரித்த தண்ணீரை நிலத்தில் இறக்குகிற குளங்களைச் சுற்றிச் சமதளப் பாதை, விடிந்ததும் போனால் கொக்கும் நாரையும் நம் ஊர் ஏரி மாதிரியே நிற்கும். சவுத் மவுண்டனில் டாபின்ஸ் பார்வைமுனை வரை கார் போகிறது, மகள் வேலை முடிந்து வந்து அரை மணியில் ஏற்றிக் காட்டிவிட்டாள். வழியெல்லாம் சகுவாரோ கள்ளி. அதற்கு முதல் கிளை வரவே ஐம்பது அறுபது வருஷம் ஆகுமாம்.

போன வாரம் குழுவில் அவர் அக்டோபர் பயணத்துக்கு ஆள் சேர்த்தார். பழைய பர்மிட் ரசீதுகளைப் போடுங்கள் தம்பி என்று மட்டும் எழுதினேன். பத்து நிமிஷத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். என் வீட்டுக்காரியின் எண்ணை நீக்க மறந்துவிட்டார். அவள் செல்லில் இப்போதும் அறிவிப்பு வருகிறது: கிராண்ட் கேன்யன், லாஸ் வேகஸ், ஒருவருக்கு 310 டாலர், "பர்மிட் தனி".